மூச்சு முந்தும், நாண் பிந்தும்: காயத்திற்குப் பின் அரை மரதனுக்குத் திரும்புதல்

காயம் ஆறி மீண்டும் ஓடத் தொடங்குபவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. அந்த வாரத்தில் எல்லோரும் பயந்து பயந்துதான் ஓடுவார்கள். சிக்கல் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வருகிறது. அதற்குள் மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், பழைய வேகம் மெல்ல எட்டிப் பார்க்கும், வலியும் இருக்காது. "எல்லாம் சரி" என்று மனம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் இரண்டாவது தடவையும் விழுகிறார்கள்.

நானும் அப்படித்தான் விழுந்தேன். வலது குதிக்காலுக்கு மேலே, நாணில் வந்த வலிக்காக எட்டு வாரம் ஓடாமல் இருந்தேன். வலி போய்விட்டது. திரும்பவும் ஓடத் தொடங்கி ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு பண்ணைப் பாலத்தால் போய் 12 கிலோமீற்றர் ஓடி முடித்தேன். அதற்கு முன் ஓடிய அதிகூடிய தூரம் 7 கிலோமீற்றர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முகம் கழுவப் போவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு ஞாயிறு எனக்கு நான்கு மாதத்தை விழுங்கியது.

அந்த நான்கு மாதத்தில் வாசித்ததும், இயன்மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் காலில் பார்த்ததும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை. அகில்லஸ் நாண் எனப்படும் குதிக்கால் நாணையே பிரதான உதாரணமாக எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த காயம் அது. கெண்டைக்கால் தசை, முழங்கால், எலும்பு வெடிப்பு என்று காயங்கள் வேறுபடும்போது விவரங்களும் மாறும். ஆனால் பளுவைக் கூட்டும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்தத் தூரம் காலிடம் என்ன கேட்கிறது?

எங்கள் ஊரில் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடக்கும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்திற்கும் "மரதன்" என்றுதான் பெயர். அதனால் அரை மரதன் என்றால் சிறிய ஓட்டம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரை மரதனின் சரியான தூரம் 21.0975 கிலோமீற்றர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டுப் பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட 42.195 கிலோமீற்றரில் சரி பாதி.

சாதாரண ஓட்டக்காரர் ஒருவர் இதை இரண்டேகால் மணித்தியாலத்தில் முடிக்கிறார் என்று வைப்போம். நிமிடத்திற்கு 160 அடி வைத்தாலும் மொத்தம் 21,600 அடி. ஒரு காலுக்கு 10,800. ஒவ்வொரு அடியிலும் நிலம் திருப்பித் தரும் விசை உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு. குதிக்கால் நாண் தாங்கும் இழுவிசையோ உடல் எடையின் ஆறு மடங்கிற்கும் மேலே போகும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் சுட்டுவிரல் அளவு அகலம்கூட இல்லாத ஒரு நாண், நானூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைப் பத்தாயிரம் தடவைக்கு மேல் தாங்கவேண்டும். அதற்கு அது ஆயத்தமா என்பதுதான் கேள்வி. மூச்சு ஆயத்தமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

இதயத்திற்கு ஒரு கணக்கு, நாணுக்கு ஒரு கணக்கு

ஓட்டத்தை நிறுத்தினால் மூச்சுத்திறன் எவ்வளவு விரைவாகக் குறையும் என்று 1984இல் எட்வர்ட் கொய்லும் சகாக்களும் அளந்தார்கள். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் பயிற்சியை முற்றாக நிறுத்தியபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்திற்குள் சுமார் 7 சதவீதம் குறைந்தது. 84 நாட்களில் இழப்பு சுமார் 16 சதவீதமாகி நின்றது. விரைவில் போவது பெரும்பாலும் இரத்தத்தின் கனவளவோடு சம்பந்தப்பட்டது. அது போவதும் விரைவு, வருவதும் விரைவு. மூன்று நான்கு வாரம் ஒழுங்காக ஓடினால் மூச்சு கணிசமாகத் திரும்பிவிடும்.

நாண் அப்படியல்ல. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் காபன் கூடியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடல் இழையங்களில் அதன் தடயம் இருக்கும். குதிக்கால் நாணின் நடுப்பகுதியில் அந்தத் தடயத்தை அளந்தபோது, நாணின் உட்கரு ஏறத்தாழ பதினேழு வயதுக்குள் உருவாகி, அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனும் அளவுக்கு மாறாமல் இருப்பது தெரிந்தது. நாற்பது வயதில் ஓடுகிறவர் பதினேழு வயதில் கட்டிய நாணோடுதான் ஓடுகிறார். பயிற்சியால் அதை உறுதியாக்க முடியும். ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. எலும்பும் பழையதை அரித்துப் புதியதைக் கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் எடுக்கும். அரித்து முடிந்து கட்டத் தொடங்காத இடைவெளியில் எலும்பு வழமையை விட மெலிந்திருக்கும்.

உலகத்தர வீரர்களுக்கும் இந்தக் கணக்கில் சலுகை இல்லை. பிரித்தானியாவின் பௌலா ரட்கிளிஃப் மூன்று தடவை உலக அரை மரதன் சம்பியன். 2008 பீஜிங் ஒலிம்பிக்கிற்குச் சில மாதங்களுக்கு முன் அவருடைய தொடையெலும்பில் வெடிப்புக் கண்டது. ஓட முடியாத காலத்தில் நீருக்குள்ளும் இயந்திரங்களிலும் பயிற்சி செய்து உடல்தகுதியைக் காத்தார். ஒலிம்பிக் ஓட்டத்தின் நடுவே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நின்று காலை நீட்டிவிட்டு மீண்டும் ஓடி 23ஆவதாக முடித்தார். வீதியில் அடி வைத்துப் பழகாத கால், தூரத்தைத் தாங்கவில்லை. அதே ஆண்டு நொவெம்பரில் நியூயோர்க் மரதனில் அவர் முதலாவதாக வந்தார். பெண்ணும் அதே பெண். கால்களுக்குக் கிடைத்தது மேலும் பதினொரு வாரம்.

எதிர்ப்பக்க உதாரணமாக எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் ஜோன் பெனோய்ட். 1984இல் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து 17 நாளில் ஒலிம்பிக் தெரிவுப் போட்டியை வென்றார். பின்பு லொஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதனையும் வென்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பகுதியை விட்டுவிடுவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் அவசரப்பட்டுப் பயிற்சி செய்ததில் அவருடைய மற்றக் காலின் பின்தொடைத் தசையும் காயப்பட்டது. ஒரு கால் தாங்க மறுக்கும் பளுவை மற்றக் கால் இரகசியமாகச் சுமக்கும். முழங்கால் வலியோடு போனவர் இடுப்பு வலியோடு திரும்புவது இப்படித்தான்.

காயத்தின் பெயரை முதலில் அறியுங்கள்

"கால் நோகுது" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஒரே இடத்தில் வரும் வலிக்கு மூன்று காரணம் இருக்கலாம். அவற்றில் ஒன்றுக்கு மெதுவாக ஓடுவது மருந்து, இன்னொன்றுக்கு அதுவே நஞ்சு.

குதிக்கால் நாண் வலி காலையில் எழும்பும்போது இறுக்கமாகத் தொடங்கி, நடக்க நடக்கத் தளரும். ஓட்டத்தின் தொடக்கத்தில் நொந்து, இடையில் மறைந்து, முடிந்தபின் திரும்பி வரும். எலும்பு வெடிப்பின் வலியோ ஓட ஓடக் கூடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். ஒற்றைக் காலில் குதித்தால் குத்தும். முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். இவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். கவட்டுக்குள் ஆழமாக வரும் வலியை ஒருநாளும் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தொடையெலும்பின் கழுத்தில் வரும் வெடிப்பு அங்கேதான் வலிக்கும், அது முழு முறிவாக மாறினால் சத்திரசிகிச்சைதான். ஆரம்பக்கட்ட வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழமை. "எக்ஸ்ரே கிளியர்" என்ற ஒரு சொல்லோடு ஓடப் போகக்கூடாது.

இன்னும் இரண்டு அவசர நிலைகள். பின்னால் யாரோ காலில் அடித்ததுபோல "டப்" என்று உணர்ந்து, அதன்பின் நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ, பல நாள் காலை அசைக்காமல் இருந்த பின்னரோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால், அது நாளத்தில் இரத்தம் கட்டியதாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் கால் நொந்தால் முதலில் கேட்கும் சொல் "புக்கை கட்டினனியோ?" என்பதுதான். ஒட்டகப்புலத்துப் புக்கைக்கு இருக்கும் பெயரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் அம்மம்மாவின் கை அங்கேதான் சுகமானது. ஆனால் கட்டி வைத்து ஓய்வு கொடுப்பது நாணின் பிரச்சினையில் பாதியைத்தான் தொடும், மற்றப் பாதி பளு கொடுத்துப் பழக்குவது. உடைந்ததா இல்லையா என்று தெரியாமல் கட்டவும் கூடாது. அரச பொது வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு, வைத்தியரின் கடிதத்தோடு போனால் இலவசம். நேரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு தடவை போய்ப் பயிற்சியைச் சரியாகப் பழகிக்கொண்டால் மிகுதியை வீட்டில் செய்யலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகளை விழுங்கிவிட்டு ஓடுவது எங்களிடம் மெல்லப் பரவும் ஒரு பழக்கம். அவை நாணைச் சுகப்படுத்துவதில்லை, நாண் சொல்லும் செய்தியை மட்டும் மறைக்கின்றன. வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். காய்ச்சல் இருந்தால், அதுவும் மாரியில் டெங்கு பரவும் காலத்தில், அவற்றைத் தொடவே கூடாது. சிப்ரோபுளொக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் குதிக்கால் நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை என்பதும் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று. வேறு நோய்க்கு மருந்து எழுதும் வைத்தியரிடம் "எனக்கு நாணில் வருத்தம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

படிக்கட்டில் நடக்கும் வேலை

சுவீடனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஹோகன் அல்ஃபிரெட்சன் தானும் ஓடுபவர், தனக்கும் குதிக்கால் நாணில் தீராத வலி இருந்தது. சத்திரசிகிச்சை செய்ய மேலதிகாரி சம்மதிக்கவில்லை. நாண் முற்றாகப் பழுதானால் செய்துதானே ஆகவேண்டும் என்று, படியில் நின்று குதிக்காலைக் கீழிறக்கி நாணை வேண்டுமென்றே வருத்தினாராம். நாண் அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது என்று சொல்லப்படும் கதை இது. கதை எவ்வளவு மெருகேறியதோ தெரியாது, 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வு மட்டும் உறுதியானது. நாள்பட்ட நாண் வலியுள்ள 15 ஓட்டக்காரர்கள் 12 வாரம் இந்தப் பயிற்சியைச் செய்து, அனைவரும் பழைய ஓட்டத்திற்குத் திரும்பினார்கள். பின்வந்த ஆய்வுகளில் இவ்வளவு முழுமையான வெற்றி கிடைக்கவில்லை. ஆனாலும் பளு கொடுப்பதே சிகிச்சையின் மையம் என்பது அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

செய்முறை எளிது. படியின் விளிம்பில் முன்னங்காலால் நின்று, இரண்டு காலாலும் நுனிக்காலில் எழும்பி, பின் பழுதான காலில் மட்டும் எடையைத் தாங்கி, குதிக்காலைப் படிமட்டத்திற்குக் கீழே மெதுவாக இறக்குவது. முழங்காலை நீட்டி 15 தடவை, அப்படி மூன்று சுற்று. முழங்காலைச் சற்று மடித்து மீண்டும் மூன்று சுற்று. காலையும் மாலையும், வாரம் ஏழு நாள், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. இது சுகமானதும் முதுகுப்பையில் பாரம் ஏற்றவேண்டும். நான் ஐந்து கிலோ அரிசிப் பையில் தொடங்கினேன். பத்துக் கிலோவுக்கு மாறியபோது வீட்டில் சிரித்தார்கள். பாரத்தைக் கூட்டி, மெதுவாக, வாரத்திற்கு மூன்று நாள் மட்டும் செய்யும் முறையும் ஏறத்தாழ அதே பலனைத் தருவதாகப் பின்னர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அகப்பட்டவர்களுக்கு அது வசதி.

ஒரு கவனம். வலி நாணின் நடுவில் இல்லாமல், குதியெலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் இருந்தால் குதிக்காலைப் படிக்குக் கீழே இறக்கவேண்டாம். சமதரையில் நின்று எழும்பி இறங்கினால் போதும். கீழே இறக்கினால் நாண் எலும்போடு நசுங்கி வலி கூடும்.

வலியோடு செய்யலாமா என்ற கேள்விக்கும் சுவீடனில் இருந்துதான் பதில் வந்தது. கரின் சில்பர்நாகலும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாண் வலியுள்ள 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பகுதியினரும் நாணுக்குப் பளு கொடுக்கும் பயிற்சியைச் செய்தார்கள். ஒரு பகுதியினர் முதல் ஆறு வாரம் ஓடுவதையும் குதிப்பதையும் தவிர்த்தார்கள். மற்றவர்கள் ஒரு வரையறைக்குள் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரு பகுதியும் ஒரேயளவாகத் தேறின. அந்த வரையறை இதுதான்: பூச்சியத்தில் இருந்து பத்து வரையான அளவில் ஓடும்போது வலி ஐந்தைத் தாண்டக்கூடாது, ஓடி முடித்தபின் ஐந்து வரை போகலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிடவேண்டும். வாரத்திற்கு வாரம் வலியோ காலை இறுக்கமோ கூடக்கூடாது.

நான் ஐந்தை மூன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் வலிக்கு இலக்கம் போடும்போது எப்போதும் ஒன்றிரண்டு குறைத்தே சொல்வோம். மறுநாள் காலை பொய் சொல்லாது. கட்டிலில் இருந்து இறங்கும் முதல் பத்து அடியை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஓட்டக் கைக்கடிகாரம் காட்டும் எந்த இலக்கத்தையும் விட அது பயன்படும். இந்த வரையறை நாணுக்கு மட்டும் உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எலும்பு வெடிப்பில் ஒன்று என்ற வலியும் கூடாது.

எப்போது, எவ்வளவு தூரம்?

முக்கால் மணித்தியாலம் வேகமாக நடந்து மறுநாள் காலை எதுவும் கூடாவிட்டால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நுனிக்காலில் எழும்பி இறங்குவதைத் தொடர்ந்து இருபத்தைந்து தடவை செய்ய முடிவது அடுத்தது. இரண்டு காலையும் எண்ணி ஒப்பிடுங்கள். நான் முதல் தடவை தோற்றுத் திரும்பியபோது இடது 27, வலது 11. அந்தக் காலோடுதான் பண்ணைப் பாலத்தால் 12 கிலோமீற்றர் போனேன் என்று நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஓட்டம் நடையோடு கலந்துதான் தொடங்கவேண்டும். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது, அரை மணித்தியாலம். பின் இரண்டு ஓடி ஒன்று நடப்பது. நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்காமல் 5 கிலோமீற்றர். ஓடிய மறுநாள் ஓடாதீர்கள். கடினமான பளுவுக்குப் பின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாணில் கட்டுவதை விடச் சிதைவதே கூடுதலாக நடக்கிறது. இடைநாட்களில் சைக்கிள் மிதிக்கலாம். எங்களுக்கு நீச்சல் தடாகம் எட்டாக்கனி, சைக்கிள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

அடுத்தது, தூரத்தை எப்படிக் கூட்டுவது என்பது. வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்து சதவீதத்திற்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களின் பழைய வேதம். நெதர்லாந்தில் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரில் அதைச் சோதித்தது. மெதுவாகக் கூட்டிய பகுதியில் 20.8 சதவீதம் பேர் காயப்பட்டார்கள், வழமையான திட்டத்தில் 20.3 சதவீதம். வித்தியாசமே இல்லை. 2025இல் 5,200 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரத் தரவுகளை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. வாரத்திற்கு வாரம் கூடிய தூரம் காயத்தோடு எதிர்பார்த்தபடி பொருந்தவில்லை. பொருந்தியது ஒரே ஓட்டத்தின் தூரம். கடந்த 30 நாளில் ஓடிய அதிகூடிய தூரத்தை விடப் பத்து சதவீதத்திற்கு மேல் ஒரு ஓட்டத்தில் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியது. இரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்கிற்கு மேல். இது அவதானிப்பு ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் 7இல் இருந்து 12க்குத் தாவிய எனக்கு அதிகம் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த விதியை எடுத்து ஒரு கணக்குப் போடலாம். நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓட முடிந்த வாரத்தில் இருந்து, நீண்ட ஓட்டத்தை வாரம் ஒரு தடவை பத்து சதவீதம் கூட்டினால் 5, 5.5, 6 என்று ஏறும். ஐந்தாவது படியில் 8, எட்டாவதில் 10.7, பதினோராவதில் 14.3, பதினான்காவது படியில் 19. ஏன் 19? அதில் இருந்து 21.1 என்பது ஏறத்தாழ இன்னொரு பத்து சதவீதம். எனவே பதினான்கு வாரம். போட்டிக்கு முன் கால்களுக்கு இளைப்பாறல் இரண்டு வாரம். முன்னால் நடையும் ஓட்டமும் கலந்த ஆறு வாரம். வழியில் காய்ச்சல், மழை, கலியாணவீடு, ஒரு சின்ன வலி என்று குறைந்தது மூன்று வாரம் போகும். ஆக, நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து ஏறத்தாழ ஆறு மாதம். போட்டித் திகதியில் இருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் இல்லாவிட்டால் இந்த ஆண்டு 10 கிலோமீற்றர் பிரிவுக்குப் பதியுங்கள்.

இந்த மாதங்களில் வேகப் பயிற்சி கடைசியாக வரவேண்டும். குதிக்கால் நாணுக்கு வேகமும் ஏற்றமும் தூரத்தை விடப் பாரம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டவேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஓடாமல் இருந்த காலத்தில் வைத்த எடையைக் குறைக்கவேண்டும் என்று சோற்றைப் பாதியாக்கிக்கொண்டு தூரத்தைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். எரிசக்தி போதாத உடல் எலும்பைக் கட்டுவதை நிறுத்திக்கொள்ளும். பெண்களில் மாதவிடாய் பிந்துவதோ நிற்பதோ இதன் வெளிப்படையான அறிகுறி. ஓடினால் அப்படித்தான் என்று எண்ணாமல் வைத்தியரிடம் பேசவேண்டிய விடயம். ஆண்களுக்கும் இது வரும், அடையாளம் மட்டும் அவ்வளவு தெளிவாக இராது.

எங்கள் வீதிகளில்

ஆங்கிலப் பயிற்சி நூல்கள் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. வெப்பத்திற்கு உடல் பழகியிருப்பது ஓட்டத்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடும். திரும்பி வருபவர் பழைய வேகத்தைத் தேடும் முதல் மாதத்தில் உடல் வெயிலுக்கும் புதிது. விடிய ஐந்து மணிக்கு முடிக்கக்கூடிய தூரத்தை மட்டும் ஓடுங்கள். ஆடி மாதத்துச் சோளகத்தில் பண்ணை வீதியில் காற்றுக்கு எதிரே ஓடினால் மேட்டில் ஏறுவதுபோலத்தான். வேகத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள்.

எங்கள் வீதிகள் நடுவில் உயர்ந்து கரையில் சரியும். ஒரே கரையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். வாகனம் இல்லாத ஒழுங்கைகளில் நடுவாலும், முடிந்தால் துரையப்பா விளையாட்டரங்கு போன்ற மைதானங்களிலும் ஓடலாம். அங்கேயும் இடைக்கிடை சுற்றும் திசையை மாற்றுங்கள். கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்ற நம்பிக்கை குதிக்கால் நாணைப் பொறுத்தவரை பிழை. மணலில் குதிக்கால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும். கட்டாக்காலி நாய்கள் துரத்தும்போது திடீரென்று பாய்வதுதான் ஆறிவரும் கெண்டைக்காலுக்கு மிக மோசமான அசைவு. நின்று, நாயைப் பார்த்து, நடந்து கடந்துவிடுங்கள்.

என் இயன்மருத்துவர் கேட்டு நான் எதிர்பாராத கேள்வி ஒன்று, "வீட்டில் காலில் என்ன போடுவீர்கள்?" என்பது. பாட்டாச் செருப்பு, அல்லது வெறுங்கால். காலையில் ஓட்டச் சப்பாத்தில் குதிக்கால் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கிறது, மீதி நாள் முழுதும் தட்டையாக இறங்கி இழுபடுகிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சூடேறிய மணலில் வெறுங்காலோடு வீதி சுற்றியதும் என் காயமும் ஒரே மாதத்தில் நடந்தவை. கோயிலுக்குப் போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னார். நடையும் நிற்பதும் பளுதான். வயலில், கடையில், வகுப்பறையில் நாள் முழுதும் நிற்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சப்பாத்து விலை இன்று பலருக்கு ஒரு மாதச் செலவு. புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. தேய்ந்து ஒரு பக்கம் சரிந்ததை மட்டும் கழியுங்கள். திரும்பி வரும் காலத்தில் சப்பாத்தின் வகையை மாற்றாமல் இருப்பது நல்லது, மாற்றினால் பழையதோடு மாறி மாறிப் போட்டுப் பழக்குங்கள்.

போட்டி நாள்

முதல் போட்டிக்கு நேர இலக்கு வைக்காதீர்கள். தொடக்கத்தில் இருந்தே ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது வெட்கப்படவேண்டிய முறை அல்ல. இறுதி ஐந்து கிலோமீற்றரில் உங்களைக் கடந்து போனவர்கள் பலரை நீங்கள் கடப்பீர்கள். போட்டிக்கு முன்பே, எந்த வலி வந்தால் நிறுத்துவது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். பதினைந்தாவது கிலோமீற்றரில் அந்த முடிவை எடுக்கும் புத்தி யாருக்கும் இருக்காது. நடையின் சாயல் மாறும் அளவுக்கு நொந்தால் நில்லுங்கள், எத்தனையாவது கிலோமீற்றர் என்பது பொருட்டல்ல.

இதை எழுதும்போது நான் எட்டாவது படியில் நிற்கிறேன். கடந்த ஞாயிறு 10.7 கிலோமீற்றர். நண்பர்கள் பண்ணைப் பாலத்தால் பதினைந்துக்குப் போனார்கள். நான் பாலம் தொடங்கும் இடத்தில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். திங்கள் காலை முதல் பத்து அடியில் வலி ஒன்று. ஐந்து நிமிடத்தில் அதுவும் இல்லை. அரிசிப் பை இப்போது பன்னிரண்டு கிலோ. நேற்று எண்ணியபோது இடது 28, வலது 24.